பட்டியலில் விடுபட்ட எண்

1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அறுபது பக்கங்களுக்கும் மேல். அதற்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. 2-இல் தொடங்கி 67,46,32,83,88,800-இல் முடியும் அந்த அட்டவணையில் 102 எண்கள். உண்மையில் 103 இருந்திருக்க வேண்டும். ஒன்று விடுபட்டுப்போயிற்று. அந்த எண் 2,93,31,86,25,600. வாய்விட்டுச் சொன்னால், இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தோரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு.

1729-ஐப் பற்றி நாம் வேண்டிய அளவு பேசிவிட்டோம். டாக்சி, மருத்துவமனை, ஹார்டி என்று அந்தக் கதை பள்ளி ஆண்டுவிழா நாடகமாகவே ஆகிவிட்டது. இந்த எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், ராமானுஜன் எப்படி வேலை செய்தார் என்பதை 1729-ஐவிட இந்த எண்தான் அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் அந்த அட்டவணை எதற்கானது என்று பார்த்துவிடலாம். பகா எண்ணை நமக்குத் தெரியும்: 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும். அதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்கும் எண் எது என்பதுதான் ராமானுஜன் எடுத்துக்கொண்ட கேள்வி. தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை அவர் தனியாகப் பிரித்து, அந்த இனத்துக்கு ஒரு பெயரும் வைத்தார். தமிழில் மிகுபகு எண் என்று சொல்லலாம். 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. அடுத்து 24, அதற்கு எட்டு. பிறகு 36, 48, 60.

இந்த எண்களை மனிதர்கள் நெடுங்காலமாகக் கையில் வைத்துப் புழங்கியிருக்கிறார்கள். நம் பழைய கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள். வட்டத்துக்கு 360 பாகை. பங்கு பிரிக்கும்போது பின்னம் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பயன். அதே நம் ஊர்ப் பின்ன வாய்ப்பாடு மட்டும் வேறு வழியில் போனது. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. 320-க்கு 14 காரணிகள்தான். அதைவிடச் சிறிய 240-க்கு 20. மூன்று பேருக்குப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தால் முந்திரி கைகொடுக்காது.

பிளேட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் ஒரு கற்பனை நகரத்துக்கு 5040 குடும்பங்கள் போதும் என்று வகுத்தார். காரணமும் இதுவே. 5040-க்கு 60 காரணிகள். 1 முதல் 12 வரையுள்ள எண்களில் 11 ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் அது மீதியின்றி வகுபடும். 11 உதைக்கிறதே என்றால், இரண்டு குடும்பத்தைக் கழித்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும் என்று அவர் சமாதானம் சொல்கிறார். 5040 இந்தக் கட்டுரையில் மீண்டும் இரண்டு முறை வரப்போகிறது.

இனி நம் எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். 2,93,31,86,25,600 என்பது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகளை எண்ணுவது எளிது. ஒரு காரணியை உண்டாக்க, 2-ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். மொத்தம் ஏழு வாய்ப்புகள். 3-க்கு ஐந்து, 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று, மீதி நான்கு பகா எண்களுக்கும் தலா இரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5040.

ஆக, இந்த எண்ணின் காரணிகள் எத்தனையோ அதுவே பிளேட்டோவின் நகரத்துக் குடும்பங்களின் எண்ணிக்கை. இதில் மர்மம் தேட வேண்டியதில்லை. மிகுபகு எண்ணின் காரணிகளை எண்ணும்போது சின்னச் சின்ன எண்களைத்தான் பெருக்குகிறோம். அப்படிப் பெருக்கினால் கிடைப்பதும் பெரும்பாலும் எளிதாக வகுபடும் எண்ணாகவே இருக்கும். ஆனாலும் பார்க்க அழகாக இருப்பதை மறுக்கமுடியாது. இன்னொன்றும் இருக்கிறது. 2, 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகள் எல்லாம் இரட்டைப்படை. அதனால் எண்ணை 2520 × 2520 × 46,189 என்று எழுதிவிடலாம். 2520 என்பது 1 முதல் 10 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு. 5040 காரணிகளை இரண்டிரண்டாகச் சோடி சேர்த்தால் கிடைப்பதும் 2520 சோடிகள்தான். அதாவது இத்தனை கோடிக் கற்களைச் செவ்வகமாக அடுக்கச் சொன்னால் 2520 விதமாக அடுக்கலாம். 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் வகுக்கலாம், ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்று 23.

பிளேட்டோவுக்கு 11 உதைத்தது. இங்கே 23 உதைக்கிறது. இந்த 23-தான் கதையின் வில்லன்.

மிகுபகு எண்களின் உள்ளமைப்பைப் பற்றி ராமானுஜன் நிறுவிய முதல் விஷயங்களில் ஒன்று இது: பகா எண்கள் 2-இல் தொடங்கி இடைவெளி இல்லாமல் வரிசையாக வரவேண்டும், அடுக்குகள் ஏறக்கூடாது. ஏன் என்பது கொஞ்சம் யோசித்தாலே விளங்கும். 3-க்கு 2-ஐவிடப் பெரிய அடுக்கு இருந்தால், இரண்டின் அடுக்குகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறிதாகிவிடும். அப்படியானால் முதலில் எடுத்த எண் மிகுபகு எண்ணாக இருந்திருக்க முடியாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும் அவர் காட்டினார்; 4, 36 ஆகிய இரண்டு மட்டும் விதிவிலக்கு. இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், அடுத்த மிகுபகு எண் எது என்று நேராகச் சொல்லும் சூத்திரம் இல்லை. ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும், வேறு வழி தனக்குத் தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் சில மைல்கற்கள் உண்டு. காரணிகளின் எண்ணிக்கையை அந்த எண்ணின் ஏதேனும் ஒரு சிறு பின்ன அடுக்கால் வகுத்து, எல்லா எண்களுக்கும் போட்டி வைத்தால், முதலிடத்தைப் பிடிக்கும் எண்கள் தனி ஜாதி. இவற்றுக்கு ராமானுஜன் நேரடிச் சூத்திரமே கொடுத்தார். 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040 என்று போகும் இந்த வரிசையில் ஒவ்வொரு மைல்கல்லும் முந்தியதை ஏதோ ஒரு பகா எண்ணால் பெருக்கிக் கிடைப்பது. நமக்கு வேண்டிய இடத்தில் இரண்டு மைல்கற்கள் நிற்கின்றன: 13,96,75,53,600, அதை 23-ஆல் பெருக்கக் கிடைக்கும் 3,21,25,37,32,800. இரண்டுக்கும் நடுவே 13 மிகுபகு எண்கள். ராமானுஜனின் அட்டவணையில் 12 இருக்கின்றன.

முதல் மைல்கல்லில் கடைசிப் பகா எண் 19. இரண்டாவதில் 23. இடைப்பட்ட வழி முழுக்க, 23-ஐச் சேர்ப்பதா அல்லது 19-உடன் நின்று சின்னப் பகா எண்களின் அடுக்கைக் கூட்டிக்கொள்வதா என்ற இழுபறி. முதல் நான்கு எண்களில் 23 தலைகாட்டவில்லை. ஐந்தாவதான 64,25,07,46,560-இல் முதன்முறையாக நுழைகிறது. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் உண்டு. பிறகு இல்லை, உண்டு, இல்லை, உண்டு. கிட்டத்தட்டத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்கள் ஒரு காலத்தில் நடந்த மாதிரி. 1,60,62,68,66,400-இல் 23 இருக்கிறது. அதை ஒன்றரை மடங்காக்கிய 2,40,94,02,99,600-இலும் இருக்கிறது. இரண்டாம் முறையும் அதே கட்சி. இனி 23-இன் ஆட்சிதான் என்று நினைக்கத் தோன்றும். அடுத்த மைல்கல்லோ இதற்கு 4/3 மடங்கு. அதிலும் 23 உண்டு.

விடுபட்ட எண் சரியாக இந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது. 23 கடைசியாக ஒருமுறை வெளியேறி, 19-இல் முடியும் எண் ஒன்று வருகிறது. அட்டவணையின் எல்லைவரை பார்த்தால், இதற்குப் பிறகு 23 இல்லாத மிகுபகு எண் கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு சிக்கலான தாவல் என்று தெரியும். 2,40,94,02,99,600-க்கு 4800 காரணிகள். அதிலிருந்து 23-ஐ எடுத்துவிட்டால் காரணிகள் பாதியாகி 2400-க்கு விழுகின்றன. இப்போது இரண்டு 2-களைச் சேர்த்தால் 3360. ஒரு 7-ஐச் சேர்த்தால் 5040. மொத்தத்தில் எண் 28/23 மடங்கு பெரிதானது. 4800-இலிருந்து 5040-க்கு ஏற, முதலில் 2400 வரை இறங்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து அடுத்த மைல்கல்லுக்குப் போக, ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் விட்டுக்கொடுத்து 23-ஐத் திரும்ப வாங்கவேண்டும். 23/21 மடங்கு, 5376 காரணிகள். 28/23-ஐ 23/21-ஆல் பெருக்கினால் 23 அடிபட்டு 4/3 மட்டும் மிஞ்சுகிறது. 23-ஐக் கையிலேயே வைத்துக்கொண்டு நடப்பவருக்கு, 4/3 என்ற அந்த ஒற்றை எட்டில் நடுவிலிருக்கும் எண் கண்ணில் படாது.

இப்படித்தான் ராமானுஜனுக்குத் தவறியது என்று நான் சாதிக்கவில்லை, இது ஊகம். படியெடுக்கும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கலாம், அச்சுக்கோத்தவர் விட்டிருக்கலாம். ஆனால் தவறிய இடம் இந்த நீண்ட அட்டவணையின் சாதாரணமான ஓரிடமாக இல்லாமல், இழுபறியின் கடைசித் திருப்பமாக இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. இந்த எண்ணின் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய நான்குமே மிகுபகு எண்கள். நான்கும் அவர் அட்டவணையில் இருக்கின்றன. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு வீட்டுக்காரரை மறந்த கல்யாணம் போல.

ராமானுஜன் என்றாலே நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் எழுதிக் காட்டினாள் என்பது நம் நாவில் முதலில் வருகிறது. அவருடைய பக்தியைப் பற்றி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் தெய்வம் அட்டவணை கொடுத்திருந்தால் 90-ஆவது வரி விட்டுப்போயிருக்காது. மெட்ராஸில் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்ட அதே மனிதர், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த கேம்பிரிட்ஜில், ஆறு லட்சம் கோடியைத் தாண்டும்வரை ஒவ்வோர் எண்ணாகக் கைக்கணக்கில் சலித்திருக்கிறார். இன்று ஒரு கல்லூரி மாணவர் எழுதும் நிரல் இந்த அட்டவணையைக் கண்ணிமைப்பதற்குள் தந்துவிடும். அன்று அவர் 103-இல் 102-ஐப் பிடித்தார்.

இதே கட்டுரைக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் தந்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் தேர்வில் தோற்றவருக்குக் கிடைத்த முதல் பட்டம். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டிக்குக் கட்டுரையின் பொருளில் அவ்வளவு உற்சாகம் இல்லை. கணிதத்தின் பெரிய ஓட்டத்திலிருந்து விலகிய ஒரு தேக்கம் என்றே அவர் இதை நினைத்தார். அதில் காட்டிய திறமையை மட்டும் வியந்தார். ஹார்டி இந்த இடத்தில் தவறாகக் கணித்தார் என்பது என் கருத்து. அதற்கு இரண்டு சாட்சிகள்.

முதலாவது சாட்சியில் ஹார்டியே பங்காளி. நம் எண்ணின் அக்கம்பக்கத்தில், அதாவது முப்பதாயிரம் கோடியை ஒட்டிய எண்களில், ஓர் எண்ணுக்குச் சராசரியாக எத்தனை காரணிகள் இருக்கும்? ஏறத்தாழ 27. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுத்தால் அதற்கு 27 இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஒரு தெருவில் ஒரேயொரு கோடீஸ்வரர் குடியேறினாலே அந்தத் தெருவின் சராசரி வருமானம் எகிறிவிடும் அல்லவா, அதே சங்கதிதான். 5040 காரணிகள் வைத்திருக்கும் நம் எண்ணைப் போன்ற சில பணக்காரர்கள் சராசரியை மேலே தூக்கிவிடுகிறார்கள். இந்த அளவுள்ள வழக்கமான எண்ணுக்கு மூன்று நான்கு வெவ்வேறு பகாக் காரணிகள், பத்தை ஒட்டிய எண்ணிக்கையில் காரணிகள், அவ்வளவே. இதைத் துல்லியமான தேற்றமாக 1917-இல் நிறுவியவர்கள் ஹார்டியும் ராமானுஜனும். உச்சியில் நிற்கும் எண்களை ஆராய்ந்து முடித்த கையோடு, ராமானுஜன் நடுத்தெருவில் போகிற எண்களையும் எடைபோட்டிருக்கிறார். 1934-இல் துரான் அந்தத் தேற்றத்துக்கு எளிய நிரூபணம் தந்தார். பிறகு எர்டோஷும் காட்ஸும் அதில் நிகழ்தகவின் மணிவடிவ வளைகோட்டைக் கண்டார்கள். நிகழ்தகவு எண்கோட்பாடு என்ற துறை இங்கிருந்து கிளைத்தது.

இரண்டாவது சாட்சி பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்கக் கட்டுரையின் ஒரு பகுதியை வெட்டினார்கள். அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் 1988-இல், ராமானுஜனின் ‘தொலைந்த நோட்டுப்புத்தக’த்தோடு சேர்த்துப் படிநகலாக வெளிவந்தன. 1997-இல், ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியில், ஃபிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் நிக்கோலாவும் ரோபானும் அவற்றைக் குறிப்புரையோடு அச்சேற்றினார்கள்.

வெட்டப்பட்ட பகுதியில் ராமானுஜன் காரணிகளை எண்ணுவதோடு நிற்காமல் கூட்டிப் பார்க்கவும் தொடங்கியிருந்தார். ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டி, அந்த எண்ணாலேயே வகுத்தால் கிடைக்கும் விகிதம் எவ்வளவு உயரம் போகும்? இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோள் சரி என்று வைத்துக்கொண்டு, போதிய அளவு பெரிய எண்களுக்கு அவர் ஒரு கூரை போட்டார். 1984-இல் ரோபான் அதைக் கூர்மையாக்கினார். 5040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணிலும் இந்த விகிதம் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் அடங்குமானால் ரீமான் கருதுகோள் உண்மை. ஏதாவது ஓர் எண் வரம்பை மீறினாலும் கருதுகோள் பொய். வரம்பைக் கணக்கிட, எண்ணின் இயல்மடக்கைக்கு மறுபடி இயல்மடக்கை எடுத்து, சுமார் 1.781-ஆல் பெருக்க வேண்டும்.

மறுபடி 5040! வரம்பை மீறுவதாகத் தெரிந்த கடைசி எண் அது. அதன் காரணிகளின் கூடுதல் 19,344, விகிதம் 3.838, வரம்போ 3.817. மயிரிழையில் தாண்டிவிடுகிறது. நம் எண்ணுக்கும் இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தேன். காரணிகளைக் கூட்டினால் 16,42,24,30,14,720. எண்ணால் வகுத்தால் 5.599. வரம்பு 5.830. கூரைக்கு மிக அருகில் தலை இருக்கிறது, இடிக்கவில்லை. ரீமான் கருதுகோளைப் பொய்யாக்கும் எண் ஒன்று இருக்குமானால், அது இந்த மாதிரிக் குடும்பத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். சின்னப் பகா எண்களை அடுக்கடுக்காக வாரிச் சேர்த்துக்கொண்ட எண்ணாக இருக்கும். ஹார்டி தேக்கம் என்று நினைத்த நீர், கணிதத்தின் மிகப் பெரிய தீராக் கேள்வியோடு கலந்திருக்கிறது. அதைச் சொன்ன பக்கங்களைத்தான் காகிதச் செலவுக்குப் பயந்து நிறுத்தினார்கள்.

வெட்டுப்பட்ட பக்கங்களில் இருந்த கருத்துகளில் சில, யாருக்கும் தெரியாமலே மறுபடி பிறந்தன. காரணிகளின் கூடுதலில் உச்சம் தொடும் எண்களை அலாவுக்லுவும் எர்டோஷும் 1944-இல் தனியாகக் கண்டுபிடித்துப் பெயரிட்டார்கள். அதே வகை எண்களை ராமானுஜன் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்.

அட்டவணைக்குத் திரும்புவோம். அதன் கடைசி வரியில் நிற்கும் 67,46,32,83,88,800-க்கு 10,080 காரணிகள். 1 முதல் 28 வரை எல்லா எண்களாலும், 23 உட்பட, அது வகுபடும். ஒரு தாளும் பேனாவும் எடுத்து அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வராது. ஈவாக வருவது 2,93,31,86,25,600.